நாலு வயதுக் குழந்தை, மூன்று நாள் ஐசியூ: சொல்லலாமா, மறைக்கலாமா?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு நாலு வயது. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு சந்தேகப்பட்டு அனுப்பி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை இருப்பது தெரிந்திருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் திறந்த இதய ஆபரேஷன். அப்புறம் மூன்று நாள் போல ஐசியூவில் இருப்பாள், பெற்றோரை எந்நேரமும் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். என்னென்ன எடுத்துப் போகணும், அவளை எப்படித் தயார்ப்படுத்தணும் என்பது கேள்வி. கடைசியில் ரெண்டு வரி சேர்த்திருக்கிறார். மாமியார் "புள்ளகிட்ட ஒண்ணும் சொல்லாதே, பயந்துக்கும்" என்கிறார். பிள்ளைக்கு சென்னைக்குப் போகிறோம் என்பது மட்டும் தெரியும், மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வரலாமா என்று தினமும் கேட்கிறாள்.

பையில் என்ன வைப்பது என்பதற்கு நாலு வரி போதும், அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் வேறு என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவள் கண் விழித்தால் என்ன ஆகும், அதற்கு இப்போதே என்னால் ஏதாவது செய்ய முடியுமா? அதுதானே? முடியும். நிறையவே முடியும்.

நான் டாக்டர் இல்லை. ஸ்டாஃப் நர்ஸ். பத்தொன்பது வருட சர்வீஸில் பதினொன்று குழந்தைகள் இதய ஐசியூவில் போனது. உங்கள் மகளின் எக்கோவை நான் பார்த்ததில்லை. ஓட்டை எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, நுரையீரலில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அதை உங்கள் சர்ஜனிடம்தான் கேட்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மாமியார் சொன்னது. அவர் அன்பினால்தான் சொல்கிறார், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் யூனிட்டுக்கு ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். "பீச்சுக்குப் போறோம்" என்று சொல்லிச் சென்னைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வாயிலிருந்து டியூபை எடுத்தபின் அவன் அழவில்லை, கத்தவில்லை. கிட்டே போய் "ஊசி இல்லடா கண்ணா, காய்ச்சல் மட்டும் பாக்கறேன்" என்றால் என் முகத்தையே பார்த்து "பொய்" என்பான். மருந்து கொடுக்கப் போனால் "பொய்". அப்பா உள்ளே வந்து "நாளைக்கு வார்டுக்குப் போயிடலாம்" என்றார். அதற்கும் "பொய்"தான். வலிக்கு எங்களிடம் மருந்து இருந்தது. அதற்கு இல்லை.

வலியையும் ஊசியையும் நாலு வயதுக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள். ஏமாற்றப்பட்டோம் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. சொல்லாமல் கூட்டிப் போனால் பயம் குறைந்துவிடாது, யாரும் பேச்சுக்குக்கூட இல்லாத இடத்தில் வந்து சேரும். பெற்றோர் பக்கத்தில் இல்லாதது குழந்தையை எவ்வளவு பாதிக்கும் என்பதும் இன்று நேற்றுத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை. பிரிட்டனில் 1959-லேயே, ஆஸ்பத்திரிக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளைப் பெற்றோர் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்க்க விட வேண்டும், சின்னக் குழந்தை என்றால் தாயும் கூடவே தங்கலாம் என்று சொல்லிவிட்டது. நாம் இன்னும் பாஸ் வாங்கிக்கொண்டு வராண்டாவில் நிற்கிறோம்.

எப்போது சொல்வது? நாலு வயதுக்கு நாலைந்து நாள் முன்னால் போதும். இப்போதே சொன்னால் ஒரு மாதம் முழுக்கத் தூங்கமாட்டாள், உங்களையும் தூங்க விடமாட்டாள். ரெண்டு வயதென்றால் முந்தின நாள் சொன்னால் போதும், ஏழெட்டு வயதென்றால் ஒரு வாரமோ பத்து நாளோ முன்னால் சொல்லலாம். இது எழுதிவைத்த சட்டம் இல்லை. அவளாகவே இடையில் கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவது எந்தக் குழந்தைக்கும் தெரியாமல் போவதில்லை.

என்ன சொல்வது? "உன் இதயத்துல ஓட்டை இருக்கு" என்று சொல்லாதீர்கள். நமக்கு அது சாதாரண வார்த்தை, குழந்தைக்கு ஓட்டை என்றால் ஓட்டை வாளிதான். தண்ணீர் குடித்தால் நெஞ்சு வழியாக ஒழுகுமா என்று ஒரு குழந்தை என்னிடமே கேட்டிருக்கிறது. "உன் நெஞ்சுக்குள்ள லப்டப்னு ஒண்ணு அடிக்குதுல்ல, அது ரொம்ப வேலை செஞ்சு களைச்சுப்போகுது. அதனாலதான் ஓடினா உனக்கு மூச்சு வாங்குது. டாக்டர் அதைச் சரிபண்ணப் போறாரு" என்றால் புரியும். அடுத்து மயக்க மருந்து. "தூங்க வெச்சிடுவாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் வீட்டுக்கு வந்தபின் ராத்திரி தூங்கவே பயப்படுவாள். "இது வீட்டுத் தூக்கம் மாதிரி இல்ல, மருந்துத் தூக்கம். என்ன பண்ணாலும் தெரியாது. வேலை முடிஞ்சதும் டாக்டரே எழுப்பிடுவாங்க" என்று பிரித்துச் சொல்லுங்கள். "வலிக்குமா?" என்று கேட்பாள். "எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், சிஸ்டர் மருந்து குடுத்தா குறையும்." அப்புறம் முக்கியமான வாக்கியம்: "கண்ணு முழிக்கறப்ப அம்மா பக்கத்துல இல்லன்னாலும் அம்மா கதவுக்கு வெளியிலதான் இருப்பேன். உள்ள விட்டதும் ஓடி வருவேன்." "அம்மா கூடவே இருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

நான் சேட்டை பண்ணியதால்தான் இப்படியா என்ற கேள்வியும் வரும். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் இருக்கும். யாருடைய தப்பும் இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிரகணத்தன்று வெளியே போனதால், இரும்பு பிடித்ததால், அது சாப்பிட்டதால் என்று ஐசியூ வாசலில் தாய்மார்கள் சொல்லி அழாத வாரமே கிடையாது. கிரகணத்தால் இதயத்தில் ஓட்டை விழாது. இது சந்தேகத்துக்கு இடமில்லாதது.

இன்னொன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சொல்லி நிறுத்துங்கள். "சாப்பிடலன்னா நர்ஸம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்ற மிரட்டல். எங்கள் பிழைப்பைக் கெடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. அவள் முழித்ததும் முதலில் பார்க்கப்போவது அந்த நர்ஸம்மாவின் முகத்தைத்தான்.

விளையாட்டாகச் சொல்வது பேச்சைவிட நன்றாகப் பதியும். ஒரு துணிப் பொம்மை போதும். நெஞ்சின் நடுவில் நீளமாக ஒரு பிளாஸ்டர், கையில் ஒரு பிளாஸ்டர், வாயோரத்தில் ஒரு ஸ்ட்ரா, நெஞ்சில் ரெண்டு மூன்று நூல். அவளை டாக்டராக்கி அவளையே ஒட்டச் சொல்லுங்கள். ஸ்ட்ரா இருக்கும்வரை பொம்மையால் பேச முடியாது, தலையாட்டத்தான் முடியும் என்று விளையாடுங்கள். வலித்தால் கையை அழுத்துவது, தண்ணீர் வேண்டுமென்றால் நாக்கைக் காட்டுவது என்று ரெண்டு சைகை பழக்கிவையுங்கள். அந்த ரெண்டையும் எங்களிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி எங்களுக்காக நீங்கள் எழுதித் தர வேண்டிய ஒரு காகிதத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் அவளைப் பற்றி எழுதி, கண்ணாடிக் கவரில் போட்டுக் கட்டிலில் மாட்டச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் முதலில். பத்திரப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல குழந்தைகள் கண்ணைத் திறப்பதே இல்லை. அப்புறம் அவளுடைய வார்த்தைகள். சோற்றுக்கு மம்மம், வலிக்கு ஊவா, பாலுக்கு இங்கா என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்கு மட்டும் சில வார்த்தைகள் இருக்கும். சென்னையின் பெரிய ஐசியூக்களில் சிஸ்டர்கள் பலர் கேரளாவிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். தேனிப் பேச்சு சென்னைக்காரிக்கே சில நேரம் பிடிபடாது.

ஒரு பையன் டியூப் எடுத்ததிலிருந்து ராத்திரி முழுக்க "சில்லு, சில்லு" என்று அனத்தினான். ஏசி குளிர்கிறது போல என்று நினைத்து ஒரு போர்வை போர்த்தினோம். தள்ளிவிட்டான். இன்னொன்று போர்த்தினோம். ஏசியைக்கூடக் குறைத்தோம். வியர்த்து வழிந்துகொண்டு "சில்லு" என்றே அழுதான். காலையில் ஐந்து நிமிடம் உள்ளே வந்த அம்மா, காதில் விழுந்த மாத்திரத்தில் வெளியே ஓடிப்போய்ப் பையிலிருந்து ஒரு முழத் துணியை எடுத்து வந்தார். அவருடைய பழைய சேலையின் கிழிசல். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் அவன் தினமும் தூங்குவானாம். கையில் கொடுத்த மூன்றாவது நிமிடம் தூங்கிவிட்டான். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வார்த்தை ஒரு காகிதத்தில் இருந்திருந்தால் அவனுக்கு அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அதனால் எழுதுங்கள். எதைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், எந்தப் பக்கம் ஒருக்களிப்பாள், ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்வாள், எதற்குப் பயப்படுவாள், எந்தப் பாட்டுக்கு அடங்குவாள். விரல் சூப்புகிறவள் என்றால் எந்தக் கை விரல் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ட்ரிப்ஸ் ஊசியை முடிந்தால் மற்றக் கையில் போடுவோம். உங்கள் குரலையும் போனில் பதிந்துவையுங்கள், தினமும் சொல்லும் கதையோ தாலாட்டோ, ஐந்து நிமிடம் போதும். உள்ளே போட்டுக் காட்டுவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

மயக்கத்தில் இருக்கும்போது அவளுக்குக் கேட்குமா? இதை நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். அம்மா பேசியதும் இதயத்துடிப்பு நிதானமானதைப் பார்த்திருக்கிறேன். எந்த மாற்றமும் இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். மருந்தின் அளவைப் பொறுத்தது. கேட்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு மேலே நின்று "எப்படி இருந்த புள்ள இப்படி ஆயிடுச்சே" என்று அழுவதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை உள்ளே போகும்போது நீங்கள் பார்க்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போய் மயங்கி விழுந்த அப்பாக்கள் உண்டு. முகம் வீங்கியிருக்கும். கண்ணிமை உப்பி, உங்கள் பிள்ளை மாதிரியே இருக்கமாட்டாள். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் வெளியே ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், சில நாளில் சிறுநீராகப் போய்விடும். வாயிலோ மூக்கிலோ வென்டிலேட்டர் டியூப். கழுத்தில் மருந்து போகும் ஊசி, மணிக்கட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் ஊசி. நெஞ்சுக்குக் கீழே, உள்ளே தேங்குவதை வடிக்கும் ட்ரெயின் டியூப், அதில் சிவப்பாக நீர் இறங்கும், அது இறங்குவதற்காக வைத்ததுதான். நூல் போல மெல்லிய ரெண்டு கம்பி வயிற்றுப் பக்கம் வெளியே வந்திருக்கலாம், துடிப்பு தடுமாறினால் பேஸ்மேக்கரில் மாட்டத் தயாராக வைத்தது. வீட்டுக்குப் போகும்முன் எடுத்துவிடுவார்கள். சிறுநீருக்கு ஒரு டியூப், விரலிலோ காலிலோ சிவப்பு விளக்கு எரியும் மாட்டி. சில இடங்களில் டியூபைப் பிடுங்காமல் இருக்கக் கையைத் துணியால் தளர்வாகக் கட்டிவைப்போம். இதைப் பார்த்துத்தான் தாய்மார்கள் அதிகம் உடைந்துபோகிறார்கள். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்துக்கு அவிழ்க்கலாமா என்று கேளுங்கள். பல நேரம் அவிழ்ப்போம்.

மானிட்டரைப் பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் பார்ப்பீர்கள். அது நாள் முழுக்கக் கத்தும். குழந்தை காலை ஆட்டினால் மாட்டி நகரும், உடனே கத்தும். சிஸ்டர் ஓடினால் கவலைப்படுங்கள், நடந்து வந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தடவிக்கொடுக்க வேண்டாம், உள்ளங்காலையோ நெற்றியையோ அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மயக்கம் பாதி தெளிந்த குழந்தைக்குத் தடவுவதைவிட அசையாத கை ஆறுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது அனுபவம்தான், ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிக்கலில்லாத கீழறை ஓட்டைக்குப் பொதுவாக அன்றைக்கோ மறுநாளோ வென்டிலேட்டரை எடுத்துவிடுவார்கள். உங்களிடம் சொன்ன மூன்று நாள் கணக்கு நியாயமானதுதான். ஆனால் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குழந்தையிடமும் நாள் கணக்குச் சொல்லாதீர்கள். சளி சேர்ந்தாலோ துடிப்பு தடுமாறினாலோ ஐந்து நாள், ஏழு நாள் ஆகும். நாலாவது நாளும் உள்ளேயே இருந்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தமில்லை. என்ன காரணம் என்று கேளுங்கள், காரணம் சொல்லத் தெரியாமல் யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

டியூபை எடுத்ததும் குரல் கரகரவென்று இருக்கும், அழுதால் சத்தமே வராது. டியூப் உரசியதால் வருவது, பெரும்பாலும் சில நாளில் சரியாகும். உடனே தண்ணீர் கேட்பாள். அதுதான் உங்களுக்கு ஆகக் கஷ்டமான நேரம். விழுங்க முடிகிறதா, புரை ஏறுமா என்று பார்த்துத்தான் ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பிப்போம். அப்புறமும் இதயத்துக்குச் சுமை ஏறாமல் இருக்க ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லி என்று அளந்துதான் தருவோம். உதட்டை நனைக்க அனுமதிப்பார்கள். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் பார்க்காதபோது ஒரு வாய் ஊற்றிவிடாதீர்கள். பாட்டி ஒருவர் நல்ல எண்ணத்தில் வாயில் விபூதி போட்டுவிட்டார், அந்தக் குழந்தை இருமிய இருமலை நான் இன்னும் மறக்கவில்லை. விபூதியோ குங்குமமோ ஜெபித்த எண்ணெயோ, சிஸ்டரிடம் காட்டிவிட்டு நெற்றியில் லேசாக வையுங்கள். ஊசி, டியூப், தையல் பக்கம் எதுவும் வேண்டாம்.

தாயத்து, அரைஞாண் கயிறு, கொலுசு, வளையல் எல்லாம் தியேட்டருக்குப் போகும்முன் கழற்றத்தான் வேண்டும். அங்கே ஒரு அவசரத்தில் கத்தரிக்கோலால் வெட்டினால் உங்கள் மாமியாருக்கு அது அபசகுனமாகப் படும். முந்தின நாள் வீட்டுச் சாமி முன்னால் நீங்களே கழற்றி ஒரு பையில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள், வார்டுக்கு வந்தபின் கட்டிக்கொள்ளலாம். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் அளவு பார்க்கும் மாட்டிக்கு அது இடைஞ்சல். மருதாணி பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிவக்கும் மருதாணி பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை, கறுப்பு மருதாணி அளவைக் கெடுக்கும். எதற்கு வம்பு, இந்த மாதம் வேண்டாம். தலையில் பேன் இருந்தால் இப்போதே வைத்தியம் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஐசியூவில் அது பெரிய தலைவலி.

இப்போதிலிருந்து அந்த நாள்வரை கவனிக்க வேண்டியதில் முதலாவது பல். சொத்தைப்பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்காரலாம், அதனால் பல் டாக்டரைப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். அடுத்து சளி. ஒரு வாரம் முன்னால் மூக்கு ஒழுகினாலும் மறைக்காமல் போன் செய்து சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகுமே என்று மறைத்து வந்தால் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வரத் தடுமாறுவது அவள்தான். கடைசி சில வாரங்களில் தடுப்பூசி போட்டிருந்தாலும், வீட்டு வைத்தியம், லேகியம் எதுவும் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் பட்டினி: திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துவது, வெறும் தண்ணீர் ரெண்டு மணி நேரத்துக்கு முன்வரை என்பது வழக்கமான கணக்கு. பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் மணிதான் உங்களுக்குச் சட்டம். குழந்தை அழுகிறதே என்று விடியற்காலையில் தாத்தா ஒரு பிஸ்கட் கொடுத்து, ஆபரேஷன் தள்ளிப்போய், ஊரிலிருந்து வந்த இருபது பேரும் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். பட்டினி நேரத்தில் தாத்தாவிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ரத்தம் கொடுக்க எத்தனை பேர் வேண்டும், எப்போது வரணும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்பாவோ மாமாவோ "என் ரத்தத்தையே என் பிள்ளைக்கு ஏற்றுங்கள்" என்று அடம்பிடிக்க வேண்டாம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தைக் கதிர்வீச்சில் காட்டாமல் அப்படியே ஏற்றினால் அபூர்வமாக உயிருக்கே ஆபத்தான எதிர்வினை வரும். அவர்கள் ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும், குழந்தைக்கு எது என்பதை வங்கி முடிவு செய்யும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அங்கன்வாடியில் கண்டுபிடித்தது 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் குழுவாகத்தான் இருக்கும், பிறவி இதயக்கோளாறு அவர்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் கொடுத்த தாளைத் தொலைத்துவிடாதீர்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஒரு மேஜை இருக்கும். "எதெல்லாம் இதில் வராது?" என்று அங்கேயே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

உங்களை உள்ளே விடாதது பற்றி. இது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுகிறது, ஒரே ஆஸ்பத்திரியில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட்கூட மாறுகிறது. தொற்று என்று காரணம் சொல்வார்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு வரும் ஒரு தாயால் தொற்று கூடியதை நான் பார்த்ததில்லை. இடநெருக்கடிதான் நிஜமான காரணம். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தைக்கு ஊசி குத்திக்கொண்டிருப்போம், அதைப் பார்க்க விடமுடியாது. எங்களுக்கும் சட்டத்தை மீற அதிகாரம் கிடையாது. ஆனால் கேட்கும் விதம் ஒன்று உண்டு. "எப்ப விடுவீங்க?" என்று வாசலில் சண்டை போடுவதைவிட, அட்மிஷன் அன்றே பொறுப்பு சிஸ்டரிடம் "டியூப் எடுக்கறப்ப நான் பக்கத்துல நிக்கலாமா? ராத்திரி அவ ரொம்ப அழுதா கூப்பிடுவீங்களா?" என்று ரெண்டே ரெண்டு நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். குறிப்பிட்டுக் கேட்டதை மறுப்பது எங்களுக்கும் கஷ்டம். அட்மிஷனுக்கு முன் ஒருமுறை ஐசியூவை வாசலில் நின்றாவது காட்டுவீர்களா என்றும் கேளுங்கள்.

வெளியே எப்போதும் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முறை போட்டுத் தூங்குங்கள். நாலு ராத்திரி தூங்காத அம்மாவைப் பார்த்தாலே குழந்தைக்குப் பயம் வந்துவிடும். டாக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்றைவிட எது தேவலை, எது கவலையாக இருக்கிறது, இன்றைக்கு என்ன செய்யப்போகிறார்கள், இவ்வளவு கேட்டால் போதும். இருமல், சளி உள்ள சொந்தக்காரர்கள் ஊரிலேயே இருந்து வேண்டிக்கொள்ளட்டும். பையில் அந்தக் காகிதம், துவைத்து வெயிலில் காயவைத்த அவளுடைய துணி அல்லது பொம்மை, குடும்பப் போட்டோ ஒன்று, பழைய ரிப்போர்ட்டுகள், உங்களுக்குப் பாய், போர்வை, சார்ஜர். நாலு வரிதான் என்று சொன்னேன் அல்லவா.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. அவள் முழித்ததும் உங்களைப் பார்த்துச் சிரிப்பாள் என்று எதிர்பார்ப்பீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உங்களோடு பேசாமல் சிஸ்டரோடு மட்டும் பேசலாம். கோபம்தான், கோபித்துக்கொள்ளும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். சில குழந்தைகள் மேலே எறும்பு ஊர்கிறது, மாடு நிற்கிறது என்பார்கள். மருந்தாலும் தூக்கம் கெட்டதாலும் வரும் குழப்பம் அது. சிஸ்டரிடம் சொல்லுங்கள், குழந்தையோடு வாதாடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் படுக்கையில் ஒன்றுக்குப் போவது, ராத்திரி அலறுவது, உங்களை விட்டு நகரமாட்டேன் என்பது சில வாரம் இருக்கலாம். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் செக்கப்புக்குப் போகும்போது சொல்லுங்கள், அதையும் நோயாக எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆறு வாரம் போல அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நெஞ்செலும்பை வெட்டிக் கம்பி போட்டுச் சேர்த்திருப்பார்கள், அந்த எலும்பு ஒன்றுசேர்ந்து ஒட்ட அவ்வளவு நாள் வேண்டும். ஒரு கையை முதுகுக்கும் இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து அள்ளித்தான் தூக்கணும். இப்போதிருந்தே வீட்டில் எல்லாரும் அப்படித் தூக்கிப் பழகுங்கள்.

மஞ்சள் கவுன் ஐசியூவுக்குள் போக முடியாது, அங்கே ஆஸ்பத்திரி உடைதான். அதை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் நாளில் போடலாம். தலைவழியாக மாட்டும் கவுன் என்றால் அப்போது கையைத் தூக்கிப் போட வலிக்கும். இந்த வாரமே தையல்காரரிடம் கொடுத்து முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பட்டன் வைத்து வாங்கிவிடுங்கள். என்ன நிறப் பட்டன் என்பதை அவளே சொல்லட்டும்.